வீடு வாங்கும் முன் ஊரைப் படிக்க கூகுள் எர்த் ப்ரோ: எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்

பழக்கமில்லாத வட்டாரத்தில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் வீட்டு விளம்பரத் தளங்களில்தான் தொடங்குகிறார்கள். ஹால் எவ்வளவு பெரியது, தரைக்கு என்ன கல் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அந்த வீடு நிற்கும் இடம் இருபது வருஷத்துக்கு முன் என்னவாக இருந்தது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், ஊர் எந்தத் திசையில் நீள்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. காசு வாங்காமல் இதையெல்லாம் ஓரளவு காட்டிக்கொடுக்கும் கருவி கூகுள் எர்த் ப்ரோ, பூமியைச் செயற்கைக்கோள் படங்களாகக் காட்டும் கணினி நிரல்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது கழித்துக்கட்டும் கருவி. நான்கைந்து நகரங்களில் எதை விட்டுவிடலாம், மிஞ்சிய நகரத்தில் எந்தப் பக்கத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க இதைவிட நல்ல இலவசக் கருவி இல்லை. 'இந்த வீட்டை வாங்கலாமா' என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. அதை எதிர்பார்த்துத் திறப்பவர்கள் அழகான படங்களைப் பார்த்துவிட்டுத் தவறான தைரியத்தோடு எழுந்து போவார்கள்.

2015 ஜனவரி வரை ஆண்டுக்கு 399 டாலர் சந்தா கட்டி வாங்க வேண்டியிருந்த நிரல் இது. அதன் பிறகு இலவசம். பழைய படங்களைப் பார்க்கும் வசதி 2024இல் பிரவுசர் பதிப்புக்கும் போனுக்கும்கூட வந்துவிட்டது. ஆனாலும் வீடு தேடும் வேலைக்குக் கணினியில் நிறுவும் ப்ரோவைத்தான் பரிந்துரைப்போம். அளவுகோல், நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் வசதி, குறித்த இடங்களை ஃபோல்டர் ஃபோல்டராக வைத்துக்கொள்ளும் வசதி மூன்றும் ஒரே ஜன்னலில் கிடைக்கின்றன. முகவரிப் பட்டியலை விரிதாளாக வைத்திருந்தால் மொத்தமாக உள்ளே ஏற்றலாம். பத்து வீடுகளின் முகவரியை ஒவ்வொன்றாகத் தட்டித் தேட வேண்டியதில்லை. டச்பேடில் இந்த நிரலோடு மல்லுக்கட்ட முடியாது. ஒரு மவுஸ் வேண்டும்.

முதலில் சில அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்

நிறுவியதும் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய் மூன்று விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். நீள அளவை மீட்டருக்கும் கிலோமீட்டருக்கும் மாற்றுங்கள். நேவிகேஷன் பகுதியில், பெரிதாக்கும்போது பார்வை தானாகச் சாய்வதை நிறுத்துங்கள். சாய்ந்த பார்வையில் தூரங்கள் சுருங்கித் தெரியும். பின்னால் இருக்கும் குன்று பக்கத்துத் தெருவில் இருப்பது போலத் தோன்றும். உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும் அளவு 1 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது கூடியிருந்தால் சமதளம்கூட மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. இரண்டு நகரங்களை ஒப்பிடும்போது ஒரே உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். திரையின் கீழ் வலது மூலையில் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். முழு நகரத்துக்கு 30 கி.மீ., ஒரு பகுதிக்கு 3 கி.மீ., ஒரு தெருவுக்கு 500 மீட்டர் என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் அதையே பயன்படுத்துங்கள். பிடித்த ஊரை நெருங்கிப் பார்த்து மரங்களை ரசிப்பதும், பிடிக்காத ஊரை மேலே நின்று பார்த்து 'ஒரே காங்கிரீட்' என்று ஒதுக்குவதும் எல்லோரும் செய்கிற வேலைதான்.

வட்டாரத்தை ஒரே மூச்சில் பார்க்க, ப்ரோவைத் திறக்கும் முன்பே பிரவுசர் பதிப்பில் இருக்கும் டைம்லாப்ஸை ஓடவிடுங்கள். 2021இல் அது எர்த்துக்குள் வந்தபோது 2 கோடியே 40 லட்சம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கோத்தது என்று கூகுள் அறிவித்தது. 1984இலிருந்து ஊர் வீங்குவதை ஒரு நிமிடத்துக்குள் காட்டிவிடும். பார்க்க வேண்டியது ஊரின் அளவை அல்ல, அது நகர்ந்த திசையை. நெடுஞ்சாலை ஓரமாகவே வால் போல நீண்டிருக்கிறதா, பழைய ஊரைச் சுற்றி வட்டமாகப் பெருத்திருக்கிறதா, ஆற்றையோ ரயில் பாதையையோ தாண்டாமல் ஒரு பக்கமே அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமே அடைந்த ஊரில் மறுபக்கத்தில் விலை குறைவாக இருக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் பாலம், தண்ணீர் இணைப்பு, மருத்துவமனை இவற்றில் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் இல்லாதது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மலிவு என்று போய் விழக் கூடாது.

பழைய படங்கள்: இந்த நிரலின் உயிரே இங்கேதான்

மேலே கருவிப்பட்டையில் கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் காலக்கோடு விரியும். அதில் உள்ள ஒவ்வொரு சிறு கோடும் ஒரு படம். பெரிய நகரங்களுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்து வீடு வீடாகத் தெரியும் அளவுக்குப் படங்கள் உண்டு. சிறு நகரங்களுக்கு 2010ஐ ஒட்டித் தொடங்கலாம். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றுக்கு 1940களின் வான்படங்களே இருக்கின்றன. காலக்கோட்டில் 1980களின் தேதியும் தெரிந்தால் ஏமாற வேண்டாம். அது லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களைச் சேர்த்துச் செய்த ஆண்டுத் தொகுப்பு. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏரி தெரியும், வீடு தெரியாது.

தேதி விஷயத்தில் ஒரு பொறி உண்டு. படத்தின் அடியில் பதிப்புரிமைக் குறியோடு ஓர் ஆண்டு போட்டிருக்கும். அது படம் எடுத்த ஆண்டு இல்லை. எடுத்த தேதி கீழே நிலைப்பட்டையில் தனியாக வரும். அதுவும் திரையில் தெரியும் மொத்தப் பரப்புக்கும் பொருந்தாது. படம் பல துண்டுகளை ஒட்டியது என்பதால், இரண்டு தெரு தள்ளிப் போனால் தேதி இரண்டு வருஷம் தள்ளிப் போகலாம். கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் பார்வையில் இந்தத் தேதிகூடக் கிடையாது. அதனால் 'மேப்ஸில் பார்த்தேன், அங்கே காலி இடம்தான்' என்று யாராவது சொன்னால் அதற்கு மதிப்பு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு பொறி பெரியது. மேகம் இல்லாத நாட்களின் படங்கள்தான் இங்கே ஏறும். மழைக்காலம் என்று தனியாக ஒன்று இருக்கிற நாடுகளில், மேகம் இல்லாத நாள் என்றால் அநேகமாக வறண்ட மாதம். ஆக, காலக்கோட்டில் இருக்கும் இருபது படங்களில் பதினைந்து கோடைப் படங்களாகவே இருக்கும். ஏரி காய்ந்த மைதானமாகத் தெரியும், வாய்க்கால் ஒற்றையடிப் பாதையாகத் தெரியும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களாகப் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் பருவம் மாறியதை ஊர் மாறியதாகப் படித்துவிடுவீர்கள். பிறகு காலக்கோடு முழுவதையும் ஒருமுறை மெதுவாக ஓட்டி, பச்சை அதிகமாக இருக்கும் ஒரே ஒரு படத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஒரு படம் மற்றப் பதினைந்தும் மறைத்ததைச் சொல்லும்.

படங்களில் நேரமும் ஒன்றுதான். நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை உள்ளூர் நேரம் காலை பத்தரையை ஒட்டித்தான் கடந்து போகும். மாலைச் சந்தை, பள்ளி விடும் நேரத்து நெரிசல், இரவில் வரிசையாக நிற்கும் லாரிகள் எதுவும் இதில் வராது. வெறிச்சோடிய சாலையைப் பார்த்து அமைதியான ஏரியா என்று முடிவுகட்டாதீர்கள்.

பழைய படங்களைப் பார்க்கும் இடம் முப்பரிமாணக் கட்டடங்கள் உள்ள நகரம் என்றால் லேயர்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இன்றைய கட்டடங்கள் 2004ஆம் ஆண்டு வயலின் மேல் நின்றுகொண்டு குழப்பும்.

ஊர் எல்லையில் மனைப்பிரிவுகளைப் படிப்பதற்கு இதைப் போல வேறொன்று இல்லை. பாலிகன் கருவியால் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். 2010, 2015, 2020 என்று மூன்று படங்களில் அதற்குள் எத்தனை கூரைகள் என்று எண்ணுங்கள். அப்படியே எண்ண வேண்டாம் என்றால் ஒரு மூலையில் கால்வாசியை எண்ணிப் பெருக்கினாலும் போதும். சாலைகள் கட்டம் கட்டமாகப் போட்டு, பத்து வருஷமாகியும் கட்டத்துக்கு ஒன்றிரண்டு வீடுதான் முளைத்திருக்கிறது என்றால், வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை என்று அர்த்தம். தண்ணீரோ, பேருந்தோ, பத்திரத்தில் ஏதாவது சிக்கலோ, ஏதோ ஒன்று அங்கே வீடு கட்டவிடாமல் தடுக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு மனைப்பிரிவு ஐந்து வருஷத்தில் நிறைந்திருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். தரகர் 'வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி' என்பார். எவ்வளவு காலமாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று இந்தப் படங்களைக் கேட்கலாம்.

கூரை இருந்தும் ஆளில்லாத பகுதிகளும் உண்டு. அதற்கு எர்த் உதவாது. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் இரவு விளக்குப் படலத்தைப் போட்டுப் பார்க்கலாம். அதன் ஒரு புள்ளி சுமார் அரை கிலோமீட்டர் என்பதால் தெரு அளவில் பயனில்லை. ஆனால் பெரிய குடியிருப்புத் திட்டம் ஒன்று கட்டி முடித்து மூன்று வருஷமாகியும் அந்த இடம் வயல்வெளி போல இருட்டாகவே இருந்தால், விற்றுத் தீர்ந்தது என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேளுங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கும்

வீடு வாங்கியபின் திருத்தவே முடியாத குறை தாழ்வான நிலம். இதில் எர்த் ப்ரோ பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதிக்கு வேறு இரண்டு தளங்கள் வேண்டும்.

முதலில் எர்த்தின் உயரக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மவுஸை நகர்த்தினால் கீழே உயரம் மீட்டர் கணக்கில் மாறிக்கொண்டே போகும். பார்க்கத் துல்லியமாக இருக்கும். உலகின் பெரும்பகுதிக்கு அந்த எண்ணின் அடிப்படை 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ராடாரால் அளந்த தரவு. முப்பது மீட்டருக்கு ஒரு அளவு. உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வரம்பு. நடைமுறையில் பல இடங்களில் பிழை இதைவிடக் குறைவுதான் என்றாலும், அந்த ராடார் தரையை அளக்கவில்லை. மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் மொட்டைமாடியையும் சேர்த்தே அளந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பது அரை மீட்டரில் முடிவாகிற விஷயம். 'நம் தெரு பக்கத்துத் தெருவைவிட 2 மீட்டர் உயரம்' என்று இதை வைத்துச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

அப்படியானால் எதற்குத்தான் பயன்படும்? நிலத்தின் வடிவத்துக்கு. பக்கத்தில் இருக்கும் ஆறோ ஓடையோ எதுவானாலும் அதற்குக் குறுக்கே, உங்கள் இடத்தைத் தொட்டுக்கொண்டு போகும்படி 3 கி.மீ. நீளத்துக்குப் பாத் கருவியால் ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் பெயரில் வலது கிளிக் செய்து உயரக் குறுக்குவெட்டைக் காட்டச் சொல்லுங்கள். கிடைக்கும் வரைபடத்தில் சிறு நெளிவுகளைப் பொருட்படுத்தாமல் பெரிய வளைவை மட்டும் பாருங்கள். உங்கள் இடம் சரிவின் மேல்பாதியிலா, சட்டியின் அடியிலா என்று தெரிந்துவிடும். ஒரே கோட்டோடு விடாமல், 300 மீட்டர் தள்ளித் தள்ளி இன்னும் இரண்டு கோடுகள் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே வடிவம் வந்தால் நம்பலாம்.

இரண்டாவது, ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர். சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை அலசி, 1984 முதல் எந்த இடத்தில் எத்தனை தடவை தண்ணீர் இருந்தது என்று போட்டிருக்கிறார்கள். அதில் அதிகபட்ச நீர்ப்பரப்பு என்ற அடுக்கைப் போடுங்கள். இன்று குடியிருப்பாக இருக்கும் இடத்தின் மேல் அந்த நிறம் படர்ந்திருந்தால், அந்த இடம் என்றோ ஒரு நாளாவது நீராக இருந்தது. மாற்றம் காட்டும் அடுக்கைப் போட்டால், நீராக இருந்து நிலமாக மாறிய இடங்கள் தனியே தெரியும். 1984க்குப் பிறகு ஏரியைத் தூர்த்துக் கட்டிய மனை பெரும்பாலும் இதில் மாட்டிவிடும்.

ஆனால் அங்கே நிறம் இல்லை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். இரண்டு நாள் நின்று வடிந்த வெள்ளம் அதன் கண்ணில் படாது. ஆகாயத்தாமரை மூடிய குளம் அதற்குப் புல்தரை. 10 மீட்டர் அகல வாய்க்கால் அதன் 30 மீட்டர் புள்ளிக்குள் கரைந்துவிடும்.

மேகத்தைத் துளைத்துப் பார்க்க ராடார்தான் வழி. ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, சென்டினல்-1 என்ற ராடார் செயற்கைக்கோளின் படங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த வட்டாரத்தில் பெருமழை பெய்த செய்தி வந்த தேதியைப் போடுங்கள். 2014இன் இறுதியிலிருந்து படங்கள் உண்டு. அசையாத தண்ணீர் கருப்பாகத் தெரியும். வெயில் காலத்துப் படம் ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாகக் கருத்த இடங்கள் கண்ணில் அறையும். இது வயல்வெளிக்கும் ஊர் எல்லைக்கும் நன்றாக வேலை செய்யும். நெருக்கமாக வீடு கட்டிய தெருக்களில் காலை வாரிவிடும். சுவரில் பட்டுத் தண்ணீரில் பட்டு அலை திரும்பி வருவதால் வெள்ளம் நிற்கும் தெரு கருப்பதற்குப் பதிலாகப் பளிச்சென்று தெரியும். ஊருக்குள் வெள்ளமா என்று அறிய வேறு வழி இருக்கிறது, கூகுள் கார்கள் தெருத்தெருவாக எடுத்த படங்களான ஸ்ட்ரீட் வியூ பற்றிய பகுதியில் வரும்.

காற்று, சத்தம், மின்கம்பி

குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், கல்குவாரி, தொழிற்பேட்டை நான்கையும் படத்தில் கண்டுபிடித்துக் குறியுங்கள். சுத்திகரிப்பு நிலையம் வட்டத் தொட்டிகள் வரிசையாக இருப்பதால் மேலிருந்து எளிதில் மாட்டும். குவாரி வெளிறிய பள்ளமாகவும், அதைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் மரங்கள் சாம்பல் பூத்தும் தெரியும். அந்தச் சாம்பல் பக்கத்தை நோக்கித்தான் காற்று வீசுகிறது. தேட அலுப்பாக இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தேடித் தரும் ஓவர்பாஸ் டர்போவில், விஸார்டு பெட்டியில் ஆங்கிலத்தில் 'லேண்ட்ஃபில்' என்று தட்டினால் திரையில் உள்ள பரப்பில் யாராவது குறித்துவைத்த கிடங்குகள் எல்லாம் வந்துவிடும். அதைக் கேஎம்எல் கோப்பாக இறக்கி எர்த்தில் திறந்துகொள்ளலாம். தன்னார்வலர்கள் வரைந்த வரைபடம் என்பதால் சில ஊர்களில் நிறைய இருக்கும், சில ஊர்களில் ஒன்றுமே இராது. பட்டியல் காலியாக வந்தால் ஊர் சுத்தம் என்று பொருள் இல்லை.

தூரத்தைவிடத் திசை முக்கியம். குளோபல் விண்ட் அட்லஸ் தளத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் காற்று எந்தத் திசையிலிருந்து அதிகம் வருகிறது என்ற வட்டப்படம் கிடைக்கும். அந்தத் திசையில் 3 கி.மீ. தள்ளி இருக்கும் கிடங்கு, எதிர்த்திசையில் 1 கி.மீ.யில் இருப்பதைவிட அதிகம் நாறலாம்.

விமானச் சத்தத்துக்குக் கணக்கே போடலாம். ஓடுபாதையின் இரு முனையிலும் எண் எழுதியிருக்கும். எர்த்தில் பெரிதாக்கினால் வெள்ளை எழுத்தில் படிக்கலாம். அதைப் பத்தால் பெருக்கினால் விமானம் ஓடும் திசை பாகையில் வரும். 09 என்றால் கிழக்கு நோக்கி. ஆக 09இல் இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு மேற்கே இருக்கும் வீடுகளின் தலைக்கு மேல்தான் வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். ஓடுபாதையின் நடுக்கோட்டை இரண்டு பக்கமும் 10 கி.மீ. நீட்டி வரையுங்கள். வழக்கமான இறங்குசரிவு 3 பாகை. அதன்படி 10 கி.மீ. தொலைவில் விமானம் சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கும், 5 கி.மீ.யில் சுமார் 260 மீட்டர். காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார்கள் என்பதால், காற்று மாறும் பருவத்தில் அமைதியாக இருந்த பக்கம் சத்தக்காடாகிவிடும். வீடு பார்க்கப் போன நாளில் சத்தம் இல்லை என்பது ஒரு சான்றே அல்ல.

உயரழுத்த மின்கோபுரங்கள் மேலிருந்து கண்ணுக்குப் படாது, கம்பிக்கூடு என்பதால். அதன் நிழலைத் தேடுங்கள். சீரான இடைவெளியில் ஏணி போன்ற நிழல்கள் வரிசையாகப் போகும். அடியில் மரமில்லாத பட்டை ஒன்று கூடவே ஓடும். ரயில் பாதை என்றால் பாதையைவிட லெவல் கிராசிங் எங்கே என்று பாருங்கள், ஹாரன் அடிப்பது அங்கேதான்.

தெருவில் இறங்கிப் பார்க்க

மேலிருந்து பார்த்துக் கழித்தது போக மிஞ்சிய பகுதிகளுக்கு மட்டும் ஸ்ட்ரீட் வியூ. 2007இல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களோடு தொடங்கியது. எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் 2010இல் 20 நகரங்களோடு நின்றுபோய், 2023இல்தான் புதுப்படங்கள் வந்தன. இந்தியாவுக்கு 2022 ஜூலையில் பத்து நகரங்களோடு வந்தது. எர்த் ப்ரோவிலும் மஞ்சள் பொம்மையை இழுத்துப் போட்டு இறங்கலாம் என்றாலும், இந்த வேலைக்கு மேப்ஸே மேல். ஒரே இடத்தின் பழைய தேதிப் படங்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். அந்த வசதி 2014இலிருந்து இருக்கிறது.

ஊருக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்ற கேள்விக்குப் பதில் வீடுகளின் பேஸ்மட்டத்தில் எழுதியிருக்கும். ஒரே தெருவில் பழைய வீடும் புது வீடும் அடுத்தடுத்து நிற்கும் இடமாகப் பாருங்கள். பழைய வீட்டு வாசல் சாலைக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்து, புது வீட்டுக்கு நான்கைந்து படி ஏறிப் போக வேண்டியிருந்தால், பட்டவர்கள் பாடம் படித்துக் கட்டியிருக்கிறார்கள். படிகளை எண்ணுங்கள், ஒரு படி சுமார் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு தண்ணீருக்குப் பயந்திருக்கிறார்கள் என்பது வந்துவிடும். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் வீடு வீடாக ஓடும் பழுப்புக் கறை, கேட்டின் அடிப்பாகம் மட்டும் துருப்பிடித்திருப்பது, வாசலில் குறுக்கே கட்டிய முழங்கால் உயரத் தடுப்பு, தரையிலிருந்து தூக்கி மேடைமேல் வைத்த மின்பெட்டி இவையும் அதையே சொல்லும். பழைய தேதிப் படத்தையும் புதியதையும் ஒப்பிட்டு, சாலை எத்தனை படியை விழுங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போடும் சாலை, வீட்டைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரீட் வியூவின் குறை அதன் கண். கேமரா சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில், காரின் மேலே நிற்கிறது. ஜப்பானில் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறது என்று புகார் எழுந்து, 2009இல் 40 செ.மீ. இறக்கினார்கள். இந்த உயரமும் அகலக்கோணமும் சேர்ந்து தெருவை உள்ளதைவிட அகலமாகவும் காற்றோட்டமாகவும் காட்டும். அகலம் தெரிய வேண்டுமானால் எர்த்துக்குத் திரும்பி அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஆனால் அதே அளவுகோலால் மனையின் எல்லையை அளந்து பத்திரத்தோடு ஒப்பிடாதீர்கள். படமே சில மீட்டர் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம், உயரக் கட்டடங்கள் சாய்ந்தும் விழுந்திருக்கும். காலக்கோட்டை நகர்த்தினால் ஒரே சுவர் தேதிக்குத் தேதி இடம்மாறுவதை நீங்களே பார்க்கலாம். எல்லைக்கு நில அளவையர்தான்.

போக்குவரத்துக்கும் மேப்ஸ்தான். கணினியில் டிராஃபிக் அடுக்கைப் போட்டு, நேரலை என்பதை வழக்கமான நெரிசல் என்று மாற்றினால் கிழமையும் நேரமும் தேர்ந்தெடுக்கலாம். நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். அது அந்தச் சாலையின் வழக்கமான வேகத்தோடு ஒப்பிட்ட தாமதம். எப்போதுமே ஊர்ந்து போகும் சந்து பச்சையாகத் தெரியலாம். நிறத்தைவிட, வேலைக்குப் போகும் வழியைப் போட்டு, காலை 9 மணிக்குச் சேர வேண்டும் என்று கொடுத்தால் வரும் கால வரம்பைக் குறித்துவையுங்கள். ஓர் ஊரில் 30 முதல் 40 நிமிடம், இன்னோர் ஊரில் 25 முதல் 65 என்று வந்தால், முன்னதே மேல். தினமும் 65ஐக் கணக்கில் வைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

பெயர்களில் மட்டும் மேப்ஸை நம்பவே வேண்டாம். கட்டுநர்கள் தங்கள் திட்டத்துக்கு, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நல்ல பகுதியின் பெயரை ஒட்டிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. விற்பனை அலுவலகத்தின் குறியையே திட்டத்தின் குறியாக வைத்திருப்பதும் உண்டு. மனை இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கேட்டு வாங்கி, எர்த் ப்ரோவின் தேடல் பெட்டியில் அதையே போடுங்கள். தர மறுத்தால் அந்தத் திட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.